ஒரு விவாகரத்து மனு கடக்கும் வழி

சென்னை பாரிமுனையில், உயர் நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று வரிசையாக வக்கீல் அலுவலகங்கள். அவற்றில் ஏதோ ஓர் அறையில் ஒரு பெண் உட்கார்ந்து தன் மணவாழ்க்கையைச் சொல்கிறாள். அழுகை, கோபம், மாமியார் சொன்ன சொல், அடகுக்குப் போன வளையல் எல்லாம் கலந்து வருகின்றன. வக்கீல் குறிப்பெடுக்கிறார். குமாஸ்தா தட்டச்சு செய்கிறார். அவள் கதை எண் போட்ட பத்திகளாகிறது. அவள் ‘மனுதாரர்’ ஆகிறாள். கணவன் ‘எதிர்மனுதாரர்’ ஆகிறான். மனு பிறந்துவிட்டது.

இங்கே எந்தக் குடும்பத்தின் மனுவையும் சொல்லப்போவதில்லை. சொல்லவும் கூடாது. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. உள்ளே நடந்ததை அச்சிட்டு வெளியிடுவதற்கு அபராதமும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி போடப்படும் ஒரு மனு வழக்கமாக எந்தெந்த மேசைகளைத் தாண்டிப் போகிறது, ஒவ்வொரு மேசையிலும் என்ன சொற்கள் புழங்குகின்றன, அவை ஒருவரின் வாழ்வை என்ன செய்கின்றன என்பதைத்தான் பின்தொடரப் போகிறோம். இந்தச் சொற்களின் பொருள் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் பின்னால் படும் பாடு பெரிது. அது தவிர்க்கக்கூடிய பாடு.

முதல் வரி

மனுவின் தலையில் ஒரு சட்டப்பிரிவு எண் இருக்கும். மற்றப் பக்கங்களைப் படிக்காவிட்டாலும் அந்த ஒரு வரியைப் படித்தே ஆகவேண்டும். வழக்கு எங்கே போய் நிற்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

‘பிரிவு 9’ என்றிருந்தால் அது விவாகரத்து மனுவே அல்ல. பிரிந்து போனவரைத் திரும்ப வந்து வாழச் சொல்லும் மனு. வக்கீல்கள் ‘ரெஸ்டிட்யூஷன்’ என்பார்கள். ஊரில் ‘சேர்ந்து வாழக் கேஸ்’ என்பார்கள். ஆந்திர உயர் நீதிமன்றம் 1983-இல் நடிகை சரிதாவின் வழக்கில் இந்தப் பிரிவு ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை மீறுகிறது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் சரோஜ் ராணி வழக்கில் பிரிவு செல்லும் என்றது. அதனால் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இப்படி ஓர் உத்தரவு கிடைத்துவிட்டால் போலீஸ் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போகும் என்று பயப்பட வேண்டாம். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. சொத்தை ஜப்தி செய்யலாம், அவ்வளவே. அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாத மனைவிக்கு, அந்த ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சத்தை மறுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

‘பிரிவு 10’ என்றால் நீதிமுறைப் பிரிவினை, அதாவது ஜுடிஷியல் செப்பரேஷன். ஒரே கூரையின்கீழ் வாழும் கடமை போய்விடும், திருமணம் போகாது. இந்த நிலையில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அது இருதார மணக் குற்றம். கணவன் உயில் எழுதாமல் இறந்தால் பிரிந்திருக்கும் மனைவி அப்போதும் அவனுடைய வாரிசு. உத்தரவு வந்து ஓராண்டு ஆகியும் சேர்ந்து வாழவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்துக் கேட்கலாம்.

பிரிவினையையும் விவாகரத்தையும் குழப்பிக்கொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. திரிபுராவில் நீதிமுறைப் பிரிவினை ஆன ஒரு பெண், தன் சீதனப் பொருள்களைக் கேட்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மனு போட்டார். பிரிவினை ஆகிவிட்டது, காலமும் கடந்துவிட்டது என்று வெவ்வேறு காரணம் சொல்லிக் கீழ் நீதிமன்றமும், மேல்முறையீட்டில் அமர்வு நீதிமன்றமும், உயர் நீதிமன்றமும் அவரைத் திருப்பி அனுப்பின. 2015-இல் உச்ச நீதிமன்றம்தான், பிரிவினையால் திருமண உறவு அறுவதில்லை, சீதனம் அவருடையதே என்று சொல்லிக் கதவைத் திறந்தது. நீதிமன்றங்களே தடுமாறிய இடம் இது. கல்யாண வீட்டிலிருந்து நேரே வக்கீல் அலுவலகத்துக்கு வந்த ஒருத்திக்கு இது தானாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

‘பிரிவு 11’, ‘பிரிவு 12’ என்றால் திருமணத்தையே செல்லாததாக அறிவிக்கச் சொல்லும் மனுக்கள். 11 வகைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது. விவாகரத்தாகாத முதல் மனைவி உயிரோடிருக்கும்போது செய்த இரண்டாம் திருமணம் அந்த வகை. 12 வகைத் திருமணம் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை செல்லும். மோசடியாகச் சம்மதம் வாங்கிய திருமணம் இந்த வகை. இரண்டிலும் பிறந்த குழந்தைகள் சட்டப்படி முறையான குழந்தைகளே. 16-ஆம் பிரிவு அதை உறுதி செய்கிறது.

நாம் பின்தொடரும் மனுவின் தலையில் ‘பிரிவு 13(1)(ia)’ என்றிருக்கிறது. கொடுமை என்ற காரணத்தில் விவாகரத்து. அடுத்த உட்பிரிவான (ib) கைவிடல். இரண்டு ஆண்டு இடைவிடாமல், நியாயமான காரணமின்றி, சேரும் எண்ணமில்லாமல் பிரிந்திருந்தால்தான் அது கைவிடல். வீட்டைவிட்டு வெளியே போனவர்தான் கைவிட்டவர் என்று அர்த்தமில்லை. அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்தவளைக் கைவிட்டுப் போனவள் என்று சட்டம் சொல்வதில்லை. அப்படி விரட்டியவரே கைவிட்டவர்.

இந்த எண்களுக்கெல்லாம் ஒரு முன்கதை உண்டு. நம் ஊரில் பல சமூகங்களில் பஞ்சாயத்துக் கூட்டி அத்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அந்த வழக்கம் உண்மையிலேயே அந்தச் சமூகத்தில் இருந்தது என்று நிரூபித்தால், 29-ஆம் பிரிவு இன்றும் அதைக் காப்பாற்றுகிறது. நிரூபிக்க முடியாவிட்டால் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியது வெறும் தாள்தான். சாத்திரப்படி கல்யாணம் செய்தவர்களுக்கோ விடுதலையே இல்லாதிருந்தது. பெண்ணுக்கு மணத்தை முறிக்கும் உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. சென்னை மாகாணம் 1949-இலேயே இருதாரத் தடைக்கும் விவாகரத்துக்கும் சேர்த்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1955-இல் நாடு முழுமைக்கும் இந்து திருமணச் சட்டம் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரியும் வழியான ‘13-பி’ அதில் 1976-இல்தான் சேர்ந்தது.

கையெழுத்துப் பக்கம்

தட்டச்சான மனு கையெழுத்துக்கு வருகிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒன்று. கடைசியில் உறுதிமொழிக்குக் கீழே ஒன்று. கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான் என்றாலும் மனுக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் தட்டச்சாகின்றன. ஆங்கிலம் தெரியாதவர் கையெழுத்திடும்போது, மனு தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்று ஒரு குறிப்பு சேர்ப்பார்கள்.

மனுவிலேயே மிக முக்கியமான வாசகம் அதுதான் என்பேன். அது உண்மையாக இருக்கவேண்டும். பல நேரம் இருப்பதில்லை. “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்கம்மா” என்று குமாஸ்தா பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் அவசர அவசரமாகக் கையெழுத்து விழுகிறது. மூன்றாண்டு கழித்துக் கூண்டில் ஏறும்போது, “இந்த ஆறாவது பத்தியில் நீங்கள் சொன்னது உண்மையா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்பதையே அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பாள். மனுவில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் அவள் சத்தியம் செய்து சொன்னதாகவே கணக்கு.

எண் விழும் இடம்

மனுவோடு கல்யாணப் பத்திரிகை, திருமணப் புகைப்படம், பதிவுச் சான்று, முகவரிச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, வக்காலத்து ஆகியவை சேர்ந்து கட்டாகின்றன. வக்காலத்து என்பது எனக்காக இவர் ஆஜராகலாம் என்று வக்கீலுக்குத் தரும் அதிகாரம். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984-இன்படி இங்கே வக்கீல் வைப்பது உரிமையாக வருவதில்லை. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். நடைமுறையில் அனுமதிக்கிறார்கள். வக்கீல் இல்லாமல் தானே பேசவும் முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை.

சென்னையின் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊர்களில் சார்பு நீதிமன்றத்தில் தாக்கல். மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். 2003-இல் வந்த திருத்தம் இது. திருமணமாகி ஓராண்டு முடியாமல் விவாகரத்து மனு போடுவதை 14-ஆம் பிரிவு தடுக்கிறது; தாங்கமுடியாத துன்பம் அல்லது எதிர்த்தரப்பின் மிகக் கேடான நடத்தை என்று காட்டினால் மட்டும் விலக்கு. குறை இருந்தால் மனு ‘ரிட்டர்ன்’ ஆகும். சரிசெய்து மறுபடி கொடுக்கவேண்டும். எல்லாம் சரியென்றால் ஓ.பி. எனும் மூல மனு எண்ணும், கணினியில் 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட சி.என்.ஆர். எண்ணும் விழும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று செல்போனிலேயே பார்க்கலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து எதிர்மனுதாரருக்குச் சம்மன் போகிறது. வாங்க மறுத்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பது பெரும் தவறு. மறுத்ததாகத் தபாலில் எழுதி வந்தாலும் சேர்ந்ததாகவே கொள்ளலாம். முகவரியில் ஆள் இல்லையென்றால் நாளிதழில் விளம்பரம். அதற்கும் வராவிட்டால் ‘எக்ஸ்பார்ட்டி’, அதாவது ஒருதலைத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்டு மனு போட முப்பது நாள் அவகாசம். சம்மன் முறையாகச் சேரவே இல்லையென்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து முப்பது நாள்.

கவுன்சிலிங் அறை

எதிர்மனுதாரர் ஆஜரானதும் கட்டு கவுன்சிலர் மேசைக்குப் போகிறது. சேர்த்துவைக்க முயலவேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் முயற்சிதான் கடமை. சேர்ந்து வாழ்வது கட்டாயமல்ல. “குழந்தைக்காகப் பொறுத்துக்கம்மா” என்ற பேச்சு இங்கே வரும். பொறுக்க முடியாத காரணத்தைத் தயங்காமல் சொல்லவேண்டிய இடமும் இதுதான். மீடியேஷன் எனும் சமரச மையத்துக்கு அனுப்பினாலும் அப்படியே. அங்கே பேசியதை வெளியே சாட்சியாகக் கொண்டுவர முடியாது. அதனால் மனம்விட்டுப் பேசலாம்.

கிளை மனுக்கள்

மூல மனு காத்திருக்கும் காலத்தில் அதன்மேல் சிறுசிறு மனுக்கள் ஏறுகின்றன. ஐ.ஏ. எனப்படும் இடைக்கால மனுக்கள். பெண்களின் அன்றாடச் சோறு இவற்றில்தான் இருக்கிறது.

ஜீவனாம்சம் என்ற ஒரே சொல்லால் நாம் சொல்வது சட்டத்தில் பல. வழக்கு நடக்கும்வரை தருவது பிரிவு 24-இன்படி இடைக்கால ஜீவனாம்சம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிவு சொல்லவேண்டும் என்பது விதி. வழக்கு முடியும்போது மொத்தமாகவோ மாதாமாதமோ தருவது பிரிவு 25-இன்படி நிரந்தர ஜீவனாம்சம். இந்த இரண்டையும், வருமானமில்லாத கணவன் சம்பாதிக்கும் மனைவியிடமும் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, அதாவது இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 144-ஆம் பிரிவு, தரும் ஜீவனாம்சம் எல்லா மதத்தினருக்கும் பொது; மறுமணம் செய்யாத விவாகரத்தான மனைவிக்கும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பணத்தோடு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் தருகிறது. வீடு யார் பேரில் இருந்தாலும் சரி.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். ஆகவே கேட்கத் தயங்கும் ஒவ்வொரு மாதமும் போன மாதம்தான்.

சீதனம் இவை எதிலும் சேராது. பெற்றோரும் உற்றாரும் பெண்ணுக்குக் கொடுத்தது முழுக்க அவளுடைய சொத்து என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் திருப்பித் தருவது ஜீவனாம்சம் தருவதாகாது.

குழந்தையைப் பற்றிய சொற்களும் வேறுவேறு. ‘கார்டியன்’ என்பவர் சட்டப்படியான பாதுகாவலர். ‘கஸ்டடி’ என்பது குழந்தை யாரிடம் வளர்கிறது என்பது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், பாதுகாவலர் சட்டம். அதே சட்டம் தந்தையை முதல் பாதுகாவலராக எழுதியிருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் போட்ட வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடிருந்தாலும் பொறுப்பேற்காத நிலையில் தாயும் இயல்பான பாதுகாவலரே என்றது. மற்றப் பெற்றவர் குறிப்பிட்ட நேரம் வந்து பார்ப்பது சந்திப்பு உரிமை. எதிலும் கடைசி அளவுகோல் குழந்தையின் நலன்தான். பெற்றவர்களின் வெற்றி தோல்வி அல்ல.

கூண்டு

சமரசம் ஆகவில்லை என்றால் விசாரணை. மனுதாரர் தன் சாட்சியத்தை எழுத்தில் தருகிறார்; அது நிரூபண வாக்குமூலம். ஆவணங்கள் ஒவ்வொன்றாகக் குறியீடு பெறுகின்றன. பெரும்பாலும் முதலில் வருவது கல்யாணப் பத்திரிகைதான். மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் போகாத அந்த அட்டையின் பின்புறம் முத்திரை குத்தி, ‘பி-1’ என்று எழுதி, நீதிபதி கையெழுத்திடுகிறார். மணமகன், மணமகள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு ஊரைக் கூட்டி அழைத்த தாள், அந்தத் திருமணம் நடந்தது என்பதற்கு மட்டும் சாட்சியாகக் கட்டுக்குள் போகிறது. வெளியே டவாலி பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுகிறார். வராண்டாவில் தனித்தனிப் பெஞ்சில் இருந்த இருவரும் எழுந்து ஒரே வாசல் வழியாக உள்ளே போகிறார்கள்.

அதன்பின் குறுக்கு விசாரணை. கொடுமை என்பது அடி உதை மட்டுமல்ல. ஓயாத அவமதிப்பு, பொய்யான ஒழுக்கக் குற்றச்சாட்டு இவையும் மனக்கொடுமை என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் பார்த்து என்று சொல்லத் தெரியவேண்டும்.

வழி மாறும் திருப்பம்

கூண்டேறிய மனுக்களில் பல கடைசிவரை போவதில்லை. இரு தரப்பும் களைத்து உட்கார்ந்து பேசி, 13-பி கூட்டு மனுவுக்கு மாறுகின்றன. இதற்கு ஓராண்டு பிரிந்திருந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாதிருந்தாலும் அது பிரிந்திருப்பதே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. முதல் மனுவுக்கும் இறுதி வாக்குமூலத்துக்கும் இடையில் ஆறு மாதம் காத்திருப்பு. எல்லாம் பேசி முடிந்து, மீண்டும் சேர வழியே இல்லையென்றால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்பது 2017-இல் வந்த அமர்தீப் சிங் தீர்ப்பு. தீர்ப்பு சொல்லும் நிமிடம்வரை சம்மதம் இருக்கவேண்டும். இடையில் ஒருவர் மனம் மாறினால் கூட்டு மனு நிற்காது.

‘மீளமுடியாதபடி முறிந்த திருமணம்’ என்பது இன்னும் இந்து திருமணச் சட்டத்தில் காரணமாகச் சேரவில்லை. சட்ட ஆணையம் 1978-இலும் 2009-இலும் சேர்க்கச் சொன்னது. 2023 மே 1 அன்று அரசியல் சாசன அமர்வு, அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவின் அதிகாரத்தில் உச்ச நீதிமன்றம் மட்டும் அந்தக் காரணத்துக்காக மணத்தைக் கலைக்கலாம் என்றது. குடும்ப நல நீதிமன்றத்தில் அந்தக் காரணத்தைச் சொல்லி விவாகரத்துக் கேட்க முடியாது.

கூட்டு மனுவில் விரல் வைத்துப் படிக்கவேண்டிய பத்தி ஒன்று உண்டு: ‘முழுமையும் இறுதியுமான தீர்வாக இத்தொகையைப் பெற்றுக்கொண்டு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற பத்தி. அதில் நகை சேர்ந்திருக்கிறதா, நிலுவை ஜீவனாம்சம் சேர்ந்திருக்கிறதா, மற்ற வழக்குகள் வாபஸாகின்றனவா, பணம் எந்தத் தேதியில் எப்படி வரும் என்று கேட்டே தீரவேண்டும். குழந்தைக்கு உரியதை மட்டும் தாயோ தந்தையோ விட்டுக்கொடுக்க முடியாது. அது குழந்தையின் உரிமை.

முத்திரை விழுந்த நகல்

தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். ‘ஜட்ஜ்மென்ட்’ என்பது காரணங்களோடு கூடிய தீர்ப்பு. ‘டிகிரி’ என்பது அதன் முடிவை மட்டும் சொல்லும் தீர்ப்பாணை. நகல் மனு போட்டு இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்கவேண்டும். பாஸ்போர்ட், வங்கி, மறுமணப் பதிவு என எங்கே போனாலும் கேட்பது அதைத்தான். மறுமணத்துக்கு அவசரப்படவும் கூடாது. மேல்முறையீட்டுக்கு இடமிருந்தால், அதற்கான காலம் முடிந்த பிறகோ, மேல்முறையீடு தள்ளுபடியான பிறகோதான் 15-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கட்டு நாடாவால் கட்டப்பட்டு ஆவண அறைக்குப் போகிறது. நகல் மட்டும் ஓர் அலமாரியில் ஆயுள் முழுக்க இருக்கும்.

இந்தப் பாதையில் நடப்பவர்கள் தனியாக நடக்கவேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றம்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். யார் வக்கீலாக இருந்தாலும் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பிரிவில் மனு போடுகிறீர்கள்? இதில் எனக்கு என்ன வரும், எதை நான் விட்டுக்கொடுக்கிறேன்? எனக்குத் தமிழில் படித்துக் காட்டுவீர்களா? நல்ல வக்கீல் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். உடைந்த மணவாழ்க்கையின் வலியைச் சட்டத்தால் ஆற்ற முடியாது. ஆனால் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய தாளைத் தானே புரிந்துகொண்டு கையெழுத்திட்டவர், அந்த வலியிலும் தன் முடிவைத் தானே எடுத்தவராக வெளியே வருகிறார்.